வலிப்பு நின்றுவிட்டது, தங்கச்சி இன்னும் பழையபடி இல்லை: ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கிற வேறு வீடுகளுக்கும் பயன்படும். தங்கச்சிக்கு 20 வயது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த பிள்ளை. முதலில் தலையிடியும் காய்ச்சலும், பிறகு நித்திரையின்மை, சம்பந்தமில்லாத கதை, அதன் பிறகு அடங்காத வலிப்பு. கிழமைக்கணக்கில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். முள்ளந்தண்டு நீரைப் பரிசோதித்து, என்.எம்.டி.ஏ. வாங்கிகளுக்கு எதிரான மூளை அழற்சி என்று டயக்னோசிஸ் கார்ட்டில், அதாவது நோயின் விபரம் எழுதிக் கொடுக்கும் அட்டையில் எழுதி, துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் நன்றாகத் தேறிக்கொண்டு வந்தாள். போன மாதம் ஒரே நாளில் மூன்று தரம் வலிப்பு வந்தது. லெவெட்டிரசெட்டாம் என்ற வலிப்புக் குளிசையைக் கூட்டினார்கள், வலிப்பு நின்றது. இரண்டு மூன்று நாள் சாதாரணமாக இருந்தவள், பிறகு எடுத்ததற்கெல்லாம் சீறுகிறாள், அம்மா சாப்பாட்டில் எதையோ கலக்கிறார் என்கிறாள், இரவில் எழும்பி நடக்கிறாள், திடீரென்று அழுகிறாள். மனநல வைத்தியரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், அம்மா மறுக்கிறார். பெரியம்மா நூல் கட்டச் சொல்கிறார். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் ஐந்து கிழமை. "இவளுக்கு விசர் பிடிச்சிட்டுதா, திரும்பி வருவாளா" என்பது உங்கள் கேள்வி.

நான் வடக்கில் மனநலக் கிளினிக்குகளில் வேலை செய்யும் வைத்தியன். பிள்ளையை நேரில் பார்க்காமல் மருந்தை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். இது புதிதாக எங்கிருந்தோ வந்து சேர்ந்த வேறொரு நோய் இல்லை. பெரும்பாலும் அந்த மூளை அழற்சியின் மிச்சமாக இருக்கும், அல்லது வலிப்பின் பின்விளைவாக, அல்லது நாங்கள் கொடுக்கும் மருந்தின் விளைவாக இருக்கும். எது என்று கண்டுபிடித்தால் வைத்தியம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவலில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த நோயில் நடப்பது இதுதான். கிருமிகளைத் தாக்க உடம்பு உருவாக்கும் பிறபொருளெதிரிகள், வழிதவறி மூளைக் கலங்களின் மேலுள்ள, செய்திகளை வாங்கும் என்.எம்.டி.ஏ. வாங்கிகளைப் பிடித்துக்கொள்கின்றன. உடம்பு தன்னையே தாக்கும் இப்படியான நோயை ஓட்டோஇமியூன் என்பார்கள். பிடிபட்ட வாங்கிகள் கலத்துக்குள் இழுபட்டு மறைந்துவிடுகின்றன. ஞாபகம், நித்திரை, மனநிலை, நிஜம் எது நினைப்பு எது என்று பிரித்தறிவது எல்லாவற்றிலும் இந்த வாங்கிகளுக்குப் பங்கு உண்டு. மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமின் இதே வாங்கிகளைத்தான் மறிக்கிறது. அது ஏற்றப்பட்டவர்கள் சிலர் கொஞ்ச நேரம் இல்லாததைக் காண்பார்கள், கேட்பார்கள். ஆகவே தங்கச்சி முதல் கிழமையில் சம்பந்தமில்லாமல் கதைத்ததற்குப் பேயும் செய்வினையும் தேவையில்லை. நரம்பியல் வைத்தியர் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் இந்த நோயை விளக்கமாக எழுதியதே 2007இல்தான். அதற்கு முன்னர் இப்படி வந்த இளம் பெண்களில் எத்தனை பேருக்கு உண்மையான காரணம் தெரியாமலே போயிருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், வாங்கிகள் மறைந்தாலும் பெரும்பாலும் கலங்கள் சாவதில்லை. பிறபொருளெதிரிகள் குறைந்தால் வாங்கிகள் திரும்ப வரும். 2013இல் வெளியான ஆய்வொன்றில் 577 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு வருட முடிவில் தொடர்பில் இருந்தவர்களில் 81 வீதமானோர் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள். மாதங்கள் கடந்தும் முன்னேற்றம் நிற்கவில்லை, 18 மாதம் வரைக்கும் தேறிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தேறுதலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மூச்சும் இதயத் துடிப்பும் முதலில் சீராகும். பிறகு கை கால், பிறகு பேச்சு. பொறுமை, யோசித்து முடிவெடுப்பது, ஆட்களோடு பழகும் பக்குவம், இவைதான் கடைசியாக வரும். துண்டு வெட்டி வீட்டுக்கு வரும் பிள்ளை நடப்பாள், சாப்பிடுவாள், கதைப்பாள். அதைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சொந்தக்காரர் நினைப்பார்கள். வீட்டில் வெடிக்கிற பிரச்சினை எல்லாம் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது.

இது எல்லா மாற்றத்துக்கும் பொதுவான விளக்கம். உங்கள் தங்கச்சியின் விஷயத்தில் இதோடு நிறுத்த முடியாது, ஏனென்றால் அவள் தேறி வந்தவள், பிறகு ஒரு குறிப்பிட்ட கிழமையில் மாறியிருக்கிறாள். எப்போது தொடங்கியது என்பதுதான் இங்கே முக்கியம். அந்தக் கிழமைக்குள் மூன்று விஷயம் நடந்திருக்கிறது: அடுத்தடுத்து வலிப்பு வந்தது, ஒரு குளிசை கூடியது, இன்னொரு குளிசை, அதாவது அழற்சியை அடக்கக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட், குறைந்துகொண்டு வந்தது.

முதலில் லெவெட்டிரசெட்டாம். வலிப்புக்கு நல்ல மருந்து, வேகமாக வேலை செய்யும், மற்ற மருந்துகளோடு அதிகம் மோதாது. அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரிகளில் முதலில் கை போவது அதற்கு. ஆனால் அதை எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சினம், எரிச்சல், சண்டைக்குப் போகும் குணம், சிலருக்கு மனச்சோர்வு வரும். தொடங்கிய அல்லது கூட்டிய நாட்களிலோ சில கிழமைகளிலோ இது தெரியவரும். சாந்தமான பிள்ளை கோப்பையை எறிந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் "ஏன் இப்பிடிச் செய்தனான் எண்டு எனக்கே தெரியேல்லை" என்று அழுவது இதில் அடிக்கடி காண்பது. அளவைக் குறைத்தாலோ வேறு மருந்துக்கு மாற்றினாலோ பெரும்பாலும் தணிந்துவிடும். மாற்றுவதை நரம்பியல் வைத்தியர்தான் செய்ய வேண்டும். வலிப்பு மருந்தைச் சடுதியாக நிறுத்தினால் திரும்ப அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் போய் நிற்க வேண்டி வரலாம். கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வல்ப்ரோயேட் மனநிலைக்கும் நல்லது என்று யாராவது சொல்லக்கூடும், உண்மைதான், ஆனால் பிள்ளைப்பேறு வயதுப் பெண்ணுக்கு அது கூடியவரை தவிர்க்கப்படும் மருந்து, வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும்.

சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்பது வேறு வகை. அது வெறும் சினம் இல்லை, நம்பிக்கை பிசகியிருக்கிறது. வலிப்புகள் கூட்டமாக வந்த பிறகு ஒரு நாளோ சில நாட்களோ பிள்ளை தெளிவாக இருந்து, அதன் பின் சந்தேகம், பயம், காதில் குரல் கேட்பது, சாமி சம்பந்தமான பெரிய பெரிய கதைகள் என்று தொடங்குவது வலிப்பு நோயில் நன்றாக அறியப்பட்ட ஒன்று. நடுவில் வரும் அந்தத் தெளிவான இடைவெளிதான் குடும்பத்தைக் குழப்புவது. வலிப்பு நின்று நல்லாய்த்தானே இருந்தவள், பிறகு இது எங்கேயிருந்து வந்தது என்று. உங்கள் கடிதத்தில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த நிலை வழமையாகச் சில நாட்களில், கூடினால் சில கிழமைகளில் அடங்கும். தங்கச்சிக்கு ஒரு மாதமாகிறது. அதுதான் எனக்கு இடிக்கிறது.

அதனால் மூன்றாவதையும் பார்க்க வேண்டும்: நோய் திரும்பி வருகிறதா. நான் சொன்ன 577 பேரின் ஆய்வில், இரண்டு வருடத்துக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு 12 வீதம் என்று கணக்கிட்டார்கள். திரும்பும்போது முதல் தரம் போல வலிப்பும் மயக்கமுமாகத்தான் வர வேண்டும் என்றில்லை. 571 நோயாளிகளை ஆராய்ந்த இன்னொரு கட்டுரையில், வலிப்போ வேறு நரம்பியல் அறிகுறியோ இல்லாமல் மனநல அறிகுறி மட்டும் தோன்றியவர்கள் 23 பேர். அந்த 23 பேரில் 18 பேருக்கு அது நோய் திரும்பிய நேரத்தில்தான் வந்தது. எண்ணிக்கை சிறிது, ஆனால் பிரெட்னிசொலோன் குறைந்து வரும் நேரம், புதிதாக வலிப்பு, அதன் பின் புதிதாகச் சந்தேகம் என்று மூன்றும் சேர்ந்திருக்கும்போது இதைப் பார்க்காமல் விடக்கூடாது. அதற்கான பரிசோதனைகள்: மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி., தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கான், திரும்பவும் முள்ளந்தண்டு நீர். இதோடு சூலகத்தையும் ஸ்கான் செய்யச் சொல்வார்கள். இளம் பெண்களில் ஒரு பகுதியினருக்குச் சூலகத்தில் உள்ள ஒரு வகைக் கட்டிதான் இந்த நோயைத் தூண்டுகிறது. அந்தக் கட்டிக்குள் நரம்பிழையமும் இருக்கும், உடம்பு முதலில் அதை எதிர்க்கத் தொடங்கிப் பிறகு மூளைக்குப் போகிறது. கட்டியை எடுத்தால் தேறுவது வேகமாகும், திரும்பி வரும் வாய்ப்பும் குறையும். கல்யாணமாகாத பிள்ளைக்கு அந்த ஸ்கான் எதற்கு என்று அம்மாமார் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். வயிற்றின் மேலால் செய்யலாம், எம்.ஆர்.ஐ.யிலும் பார்க்கலாம். தயவுசெய்து மறுக்காதீர்கள்.

பிரெட்னிசொலோனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஸ்டீரொயிட் மனத்தைக் குழப்பும் என்பது உண்மை, ஆனால் அளவைப் பொறுத்தது. 1972இல் வந்த பழைய அமெரிக்க ஆய்வொன்றில், ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழே எடுத்தவர்களில் 1.3 வீதமானோருக்கும், 80க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 வீதமானோருக்கும் மனநலச் சிக்கல் வந்தது. தங்கச்சி இப்போது எடுப்பது 20. ஆகவே இதை முதல் காரணமாக நான் நினைக்கவில்லை. நித்திரையைக் கெடுக்கும் என்பதால் காலைச் சாப்பாட்டோடு கொடுங்கள், பின்னேரம் வேண்டாம். இதையும் சடுதியாக நிறுத்தக்கூடாது, உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும், இரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகும்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால்: சினத்துக்குக் குளிசையில் எனக்குச் சந்தேகம், பயத்துக்கும் சந்தேகத்துக்கும் போன மாத வலிப்பில் சந்தேகம், நோய் திரும்பவில்லை என்று உறுதிப்படுத்தும்வரை நிம்மதியாக இருக்க மாட்டேன்.

இதை ஒரு வைத்தியர் பத்து நிமிஷத்தில் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் அவருக்கு உங்கள் உதவி வேண்டும். கிளினிக்கில் "எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டால் "கோபம் கூட, டொக்டர்" என்று சொல்லிவிட்டு வருவோம். அது போதாது. ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து நாளும் நேரமும் போட்டு நடந்ததை மட்டும் எழுதுங்கள். இப்படி:

"12ஆம் திகதி. இரவு 1.40க்கு எழும்பிப் படலை பூட்டியிருக்கா என்று மூன்று தரம் போய்ப் பார்த்தாள். 'வெளியில ஆரோ நிக்கினம்' என்றாள். 3 மணிக்குப் படுத்தாள். காலைக் குளிசை 8 மணிக்கு. 9.30க்கு தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று கோப்பையை எறிந்தாள். அரை மணித்தியாலத்தில் தானே வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பின்னேரம் பிட்டுச் சாப்பிடும்போது ஒரு நிமிஷம் அளவு ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், வாய் மென்றுகொண்டே இருந்தது, கூப்பிட்டதற்குப் பதில் இல்லை."

இந்த ஒரு பக்கத்தில் மூன்று வேறு விஷயம் இருக்கிறது. படலை விஷயம் பயமும் பிசகிய நம்பிக்கையும். கோப்பை விஷயம் மருந்தின் எரிச்சல் போல. கடைசியாக வெறித்துப் பார்த்ததைக் குணமாக எடுத்துவிடாதீர்கள், அது சிறிய வலிப்பாக இருக்கலாம். அந்த மாதிரி நேரம் கைத்தொலைபேசியில் வீடியோ எடுங்கள், முகமும் இரண்டு கையும் தெரிய. நூறு கேள்வியை விட அந்த ஒரு நிமிஷ வீடியோ எங்களுக்கு உதவும்.

சரி, மனநல வைத்தியர் ஏன்? நரம்பியல் கிளினிக்கே போதாதா? போதாது. சந்தேகத்துக்கும் நித்திரைக்கும் சிறிய அளவில் மருந்து தேவைப்படலாம், அதைத் தெரிவு செய்வதில் இந்த நோய்க்கென்றே தனிக் கவனம் வேண்டும். என்.எம்.டி.ஏ. அழற்சி வந்தவர்களுக்கு ஹலோபெரிடோல் போன்ற மனநோய் மருந்துகள் சில நேரம் ஒத்துக்கொள்ளாது. உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, வியர்த்து, நினைவு மங்கும். வேறு மனநோய் மருந்துகளான குளோசபினும் குளோர்புரோமசீனும் வலிப்பைக் கூட்டக்கூடியவை. அதனால் டயக்னோசிஸ் கார்ட்டின் பிரதியை மனநலக் கிளினிக்கில் முதல் வேலையாகக் காட்டுங்கள், அங்கே எழுதுவதை நரம்பியல் கிளினிக்கில் காட்டுங்கள். இரண்டு வைத்தியர்களும் ஒருவரோடு ஒருவர் கதைக்கிறார்களா என்று நீங்கள் வாய் திறந்து கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பிள்ளை கதைக்காமல், அசையாமல், வைத்த கை வைத்தபடி ஒரே நிலையில் இருந்தால் உடனே சொல்லுங்கள். அதற்கு லொராசெபாம் என்ற மருந்து நன்றாக வேலை செய்யும்.

அம்மாவின் பயம் எனக்குத் தெரியாததில்லை. தெல்லிப்பழைக்குக் கொண்டுபோனதாம் என்று ஒரு கதை கிளம்பினால் நாளைக்குக் கலியாணப் பேச்சில் வந்து நிற்கும் என்று நினைக்கிறார். ஆனால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் மட்டும்தான் காட்டலாம் என்றில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இருக்கிறது, பருத்தித்துறையில் இருக்கிறது. யுத்தத்தின் மிகக் கடினமான வருடங்களில் மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இங்கேயே நின்று கட்டியெழுப்பிய சேவை இது. பத்துக் கிழமை வைத்தியத்தில் தணியக்கூடிய ஒன்றை வீட்டுக்குள் மறைத்து, அது பத்து மாதமாகி, அயலெல்லாம் சத்தம் கேட்டபின் வரும் குடும்பங்களைத்தான் நான் அதிகம் காண்கிறேன். மறைத்ததாலேயே ஊருக்குத் தெரிய வந்தது. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

நூல் கட்டுவதைப் பற்றி: கட்டட்டும். சந்நிதி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வரட்டும். பெரியம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள், அவருடைய அன்பும் வேண்டும். ஆனால் குளிசை ஒரு நேரமும் தவறக்கூடாது, அடிப்பது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது எதற்கும் இடம் கொடுக்கக்கூடாது. சிவராத்திரி முழிப்பும் கந்தசஷ்டி உபவாசமும் இந்த வருடம் வேண்டாம். நித்திரை கெட்டால் வலிப்பு வரும், வலிப்பு வந்தால் சந்தேகம் வரும்.

சாப்பாட்டுக் கதைக்கு எப்படிப் பதில் சொல்வது? "பைத்தியக் கதை கதைக்காதை" என்றாலும் பிழை, "ஓம், கலந்தவ தான்" என்றாலும் பிழை. வாதாடி வெல்ல முடியாத இடம் அது. "உனக்குப் பயமாயிருக்கு எண்டு விளங்குது. நானும் இதே சட்டியில இருந்துதான் போட்டுச் சாப்பிடுறன், பக்கத்தில இரு" என்று சொல்லி, அவள் பார்க்கவே இரண்டு கோப்பைக்கும் போடுங்கள், எந்தக் கோப்பை என்று அவளே எடுக்கட்டும். அவித்த முட்டை, உரிக்காத வாழைப்பழம் போன்றவற்றில் பயம் குறைவாக இருக்கும். அம்மாவில்தான் சந்தேகம் என்றால் சில நாட்களுக்கு நீங்கள் பரிமாறுங்கள். அம்மாவுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். பிள்ளை மிக அதிகமாக நம்பியிருக்கும் ஆள்தான் இப்படிச் சந்தேகத்துக்குள் இழுபடுவது வழக்கம், அம்மா செய்த எதற்கும் அது தண்டனை இல்லை.

கிணற்றடியில் தனியே குளிக்க விடாதீர்கள், வாளியில் நிறைத்துக் கொடுங்கள், குளியலறைக் கதவை உள்ளே பூட்ட வேண்டாம். அடுப்படியிலும் தனியே வேண்டாம். ஸ்கூட்டி இப்போதைக்கு இல்லை.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த கிழமைகள் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஞாபகத்தில் இருக்காது, அல்லது துண்டு துண்டாக, பயங்கரமாக இருக்கும்: யாரோ கையைக் கட்டினார்கள், தொண்டைக்குள் எதையோ செருகினார்கள் என்று. உண்மையில் மூச்சுக்குக் குழாய் போட்டிருப்பார்கள், குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டியிருப்பார்கள். அதை யாரும் விளக்கிச் சொல்லாவிட்டால் அவளுடைய மூளை தனக்குத் தெரிந்தபடி ஒரு கதையைக் கட்டும், அந்தக் கதையில் வீட்டாரே எதிரிகளாகலாம். அவள் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, கேட்ட அளவுக்கு மட்டும், உண்மையைச் சொல்லுங்கள். அந்த நாட்களில் யார் யார் வந்தார்கள், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று. தெளிவு வரும்போது துக்கமும் வரும். கூடப் படித்தவர்கள் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள், தன்னால் ஒரு பக்கம் வாசித்து நினைவில் வைக்க முடியவில்லை என்று தெரியவரும். அந்த அழுகை நோயின் அறிகுறி மட்டும் இல்லை, நியாயமான அழுகையும் கூட. அழ விடுங்கள். படிப்பை அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று மெல்லக் கூட்டலாம். பரீட்சை, வேலை என்ற பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.

வலிப்பு நோயில் தற்கொலை எண்ணம் சாதாரண ஆட்களை விட அதிகம், லெவெட்டிரசெட்டாம் எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். "சாக வேணும் போல இருக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது, கேட்டால்தான் சொல்வாள். குளிசைகளைப் பூட்டி வைத்து ஒருவர் கையால் கொடுங்கள், தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது, கிணற்றுக்கு மூடி போடுங்கள். அப்படி ஏதும் சொன்னால் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரவில் கதைக்க ஆள் தேவைப்பட்டால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். வலிப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தால், அல்லது காய்ச்சலோடு உடம்பு விறைத்தால், அல்லது ஒரு நாள் முழுக்கச் சாப்பாடும் தண்ணீரும் மறுத்தால் 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் ஐந்து கிழமை காத்திருக்கச் சொல்ல என்னால் முடியாது. இந்தக் கிழமைக்குள்ளேயே கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், குளிசைப் பெட்டிகள், உங்கள் சீ.ஆர். கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, திகதி இல்லாவிட்டாலும் நரம்பியல் கிளினிக்குக்குக் காலையிலேயே போங்கள். வாசலில் நிற்கும் தாதியிடம் இந்த ஒரு வசனத்தைச் சொல்லுங்கள்: "ஓட்டோஇமியூன் மூளை அழற்சி வந்த பிள்ளை, போன மாதம் வலிப்பு வந்தது, அதுக்குப் பிறகு ஆள் மாறிப்போனா, நோய் திரும்புதோ எண்டு பாக்க வேணும்." அம்மா வர மறுத்தால் நீங்களும் தங்கச்சிக்குப் பிடித்த இன்னொருவருமாகப் போங்கள்.